கடைசிப் பத்து நிமிடம்

இசக்கியப்பன் டிக்கெட்டை இடது கையால் வாங்கி, வலது கையால் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெஞ்சு டிக்கெட்காரர் ஒருவர் பாதியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

“படம் எப்படிலே இருக்கு, இசக்கியப்பா?”

“பாக்கலாம் அண்ணாச்சி. ரெண்டாவது பாட்டுக்குப் பெறவு நல்லாப் போவுது.”

“முடிவு?”

“அத நீங்க வந்து சொல்லுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இசக்கியப்பன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தென்காசியில் அந்த சினிமாக் கொட்டகையின் வாசலில் ஒன்பது வருஷமாக நிற்கிறான். நானூறு படங்களுக்கு மேல் பார்த்திருக்கிறான். ஒன்றிலும் தொடக்கத்தையோ முடிவையோ பார்த்ததில்லை. பாவூர்சத்திரம் பஸ்ஸில் வருகிறவர்கள் வந்து சேர மூன்றாவது ரீல் ஆகிவிடும். அதன் பிறகுதான் உள்ளே போய்ச் சுவரோரம் நிற்பான். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்று கதவுகளையும் திறந்து, கறுப்புத் திரைகளைச் சுருட்டி இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆட்டக் கூட்டத்தை மறிக்க வாசலுக்கு ஓட வேண்டும். இரண்டாம் ஆட்டம் முடியும்போது சைக்கிள் ஸ்டாண்டில் வேலை.

அவனிடம் கடிகாரம் கிடையாது. பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர்கள் இருட்டில் காலால் செருப்பைத் துழாவத் தொடங்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் பத்து நிமிடம்தான். அது தவறியதில்லை.

“நீ பாத்த படத்துல ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆவல, ஒருத்தனும் சாகவும் இல்ல” என்பார் சைக்கிள் ஸ்டாண்டு ஹபீபுல்லா.

வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். அதுவும் நல்ல இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிவிடும். பார்த்தவர்களைக் கேட்டால், கடைசியில் சேர்ந்துவிட்டார்கள் என்பார்கள். கேட்டது பார்த்தது ஆகாது என்று இசக்கியப்பன் நினைத்தான். சலூனில் கிடைக்கும் பத்திரிகைகளில் விமர்சனங்களையும் படித்தான். விமர்சகர்கள் முதல் காட்சியிலேயே கோபித்துக்கொள்வதாக அவனுக்குப் பட்டது. மூன்றாவது ரீலில் வந்திருந்தால் அவ்வளவு கோபம் வராது என்பது அவன் அபிப்பிராயம்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் நேரத்தில், வக்கீல் சங்கரநாராயணன் ஒரு படவிழா நடத்தினார். சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்து பேசுவதாக இருந்தது. சாதாரண ரசிகர் ஒருவரும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வக்கீல் இசக்கியப்பனைக் கேட்டார். பேச்சு அவனுக்கு முக்கியமாகப் படவில்லை. படத்தை முழுதாகக் காட்டுவார்களா என்று மட்டும் கேட்டான். காட்டுவோம் என்றார். கொட்டகை முதலாளி தில்லைநாயகத்திடம் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக லீவு கேட்டான். எதற்கு என்று அவர் கேட்டார்.

“ஒரு முடிவு பாக்கணும் மொதலாளி.”

அன்றைக்குத் தாமே டிக்கெட் கிழிப்பதாகச் சொன்னார்.

குற்றாலத்தில் ஒரு சத்திரத்து ஹாலில் பிற்பகல் மூன்றரைக்குப் படம். வெளிச்சம் வராமல் மூன்று கதவுகளிலும் கறுப்புத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். விழா என்றார்கள், பந்தல் இல்லை, கொட்டு இல்லை, டிக்கெட்டும் இல்லை. டிக்கெட் இல்லாததால் ஆட்கள் நினைத்தபோது வந்தார்கள். இது சரியில்லை என்று இசக்கியப்பன் நினைத்தான். சாரலில் தரை ஈரமாக இருந்தது. நாற்பது பேரும் நாற்காலிகளில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்கள். அவன் கதவோரம் உட்கார்ந்தான். இந்தப் படத்தின் உயிர் கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள் என்று விமர்சகர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்.

முதலில் பெயர்கள் ஓடின. இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஏதோ வெளிநாடு. ஒரு பெண் தினமும் ரயிலடிக்குப் போகிறாள். ஜெயிலிலிருந்து புருஷன் வர வேண்டும். வரவில்லை. திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறாள். மறுநாளும் போகிறாள். பாட்டு இல்லை. ஒன்றே கால் மணி நேரம் இசக்கியப்பன் கண்ணை எடுக்கவில்லை. கடைசியாக ஒரு நாள் அவள் வேறு சேலை மாதிரி ஏதோ உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது ஹாலில் செருப்புகள் தரையில் உரசின.

அவன் எழுந்து மூன்று கதவுகளையும் திறந்து, திரைகளைச் சுருட்டி இறுக்கிக் கட்டினான். வெளியே சாரல் விட்டு நல்ல வெயில். படம் ஓடிய திரை வெளுத்துப்போனது. ஜனங்கள் எழுந்து வரிசையாக வெளியே போனார்கள்.

விமர்சகர் மேடைப் பக்கமிருந்து ஓடிவந்து, கதவைத் திறந்தது யார் என்று கேட்டார்.

“நாந்தான் சார்.”

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கே ஐயா. எதுக்குத் திறந்தீங்க?”

“செருப்பத் தேடுனாங்க சார்.”

வக்கீல் குனிந்து பார்த்தார். அவருடைய ஒரு கால் செருப்புக்குள் இருந்தது.

இசக்கியப்பன் திரைகளை அவிழ்க்கப் போனான். அது அவன் முடிச்சு, ஈரத்தில் இறுகியிருந்தது. பின்னால் படத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. நின்றது. யாரோ நடந்தார்கள். ரயில் கிளம்பியது. மூன்றாவது திரையை அவன் இழுத்து மூடியபோது ரீல் தீர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஆபரேட்டர் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

“வந்தானா சார்?” என்று இசக்கியப்பன் கேட்டான்.

“வந்தானா இல்லையாங்கிறது முக்கியமில்லை” என்றார் விமர்சகர்.

படத்துக்குப் பிறகு நடந்த கூட்டத்துக்குப் பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். விமர்சகர் முக்கால் மணி நேரம் பேசினார். இசக்கியப்பனை யாரும் பேசக் கூப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கொட்டகையில் படம் மாறியது. காலையில் வக்கீலின் குமாஸ்தா, அவன் ஹாலில் விட்டுவந்த குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் பாவூர்சத்திரம் பஸ் இருபது நிமிடம் தாமதம். முடிவு எப்படி என்று தில்லைநாயகம் கேட்டார். ரயில் வந்தது என்றான். இரண்டு பேர் முந்தின நாள் கிழிபடாத டிக்கெட்டுடன் வந்தார்கள், திருப்பி அனுப்பினான். நாலாவது ரீலில் உள்ளே போனான். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் கதவுகளைத் திறந்தான்.