இறங்கத் தெரியாத ஆட்டக்காரன்

திருவிழா மேடையில் பிரேக் டான்ஸ் ஆடிப் பிழைக்கிறவனுக்கு நின்று ஆடுவதும் கஷ்டமில்லை, தரையில் கையூன்றிக் காலைச் சுழற்றுவதும் கஷ்டமில்லை; நின்று ஆடுகிறவன் ஆட்டத்தை நிறுத்தாமல் அப்படியே தரைக்கு இறங்குகிறானே, அதுதான் உயிரை வாங்கும். கூட வேலை பார்க்கிறவனைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் எல்லாரும் நம்ம ஆளுங்க. இங்கிட்டு வந்து உட்காருங்க.

வந்தான் ஒருத்தன்

அறந்தாங்கியில் எங்கள் குழுவுக்கு முன்வரிசை ஆட்டக்காரன் நான்தான். கோட்டைப்பட்டினத்திலிருந்து அன்சாரி வந்து சேர்ந்தான். நான் மாசக்கணக்கில் முட்டி தேய்த்தும் வராத இறக்கத்தை, ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே செய்தான் பாவி. கால் எப்போது மடங்கியது, கை எப்போது தரையில் பட்டது என்றே தெரியவில்லை. ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற எங்கள் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"செல்வம், அவன் எறங்குறான். நீ நெல்லு மூட்டையப் போடுறியேடா!"

வீட்டிலும் அவன்தான்

சரி, வீட்டில் பழகுவோம் என்று சோபாவை நகர்த்திவிட்டு இறங்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலத்தோடு வந்த என் மனைவியின் இன்னொரு கையில் செல்போன். அதில் அன்சாரி ஆடிக்கொண்டிருந்தான். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க!

"ஏங்க, அந்தத் தம்பிக்கு எலும்பே இல்லையாங்க? சூப்பரா ஆடுதுங்க!"

ஆசீர்வாதம்

ஆவூர்ப் பக்கம் ஒரு திருவிழா. 'இன்னைக்கு ஒழுங்கா இறங்குறவனுக்குத்தான் முன்வரிசை' என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்த விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி நேராக என் முன்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து நான் இறங்கினேன். கை ஊன்றியது, கால் மாட்டிக்கொண்டது, தலை அவர் செருப்புக்குப் பக்கத்தில். பின்னால் அன்சாரி சுழல்கிறான், விசில் பறக்கிறது. தலைவர் குனிந்து என் தலையில் கை வைத்தார்.

"நல்லாருப்பா. போதும், எந்திரி, எந்திரி."

இடம் மாறியது

முன்வரிசை அன்சாரிக்குப் போனது. எனக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இடம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் கால் சுளுக்காதா என்றுகூட நினைத்தேன். அடுத்த ஒத்திகையில் நான் இறங்கிய வேகத்தில் என் கால் போய் அவன் முதுகில் விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லைங்க, நம்புங்க. அவன் கோபப்படவே இல்லை. முதுகைத் தடவிக்கொண்டே மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், அண்ணனே முன்னாடி நிக்கட்டும். அவரு எனக்குப் பின்னாடி நின்னா பயமா இருக்கு."

முன்வரிசை திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் அதையும் அவனே கொடுத்தான் பாருங்க, அதுதான் வயிற்றைப் பற்றியெரிய வைக்கிறது.