மாப்பிள்ளை போட்ட வேஷம்

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு தை மாதம், என் கணவரின் நாடகக் குழு அம்பாசமுத்திரத்துக்கு வந்தது. இவருக்குச் சென்னையில் வங்கி வேலை; லீவு நாளில் நடிப்பு. குழுவில் எல்லோருமே அப்படித்தான், பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. எங்கள் ஊர் வியாபாரிகள் பொங்கல் விழாவுக்கு ஒரு சிரிப்பு நாடகம் தேடியபோது, இவர்களைக் கூப்பிடலாம் என்று சொன்னது அப்பாதான். "வாரதுதான் வாராங்க, ரெண்டு நாள் இருந்து வயக்காட்டையும் ஆத்தையும் பாத்துட்டுப் போகட்டும்" என்று போனில் சொன்னார். அவருக்கு ஊரில் உரக்கடை, கால்வாய்க்குக் கீழே கொஞ்சம் வயல். மருமகன் நடிகர் என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்து இறங்கியவர்களை ஆற்றில் குளிக்க வைத்து, இட்லி கொடுத்து, கையோடு வயலுக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்ற நேரம். பட்டணத்துச் செருப்போடு வரப்பில் தடுமாறியவர்களிடம், "பைய வாரும்வே, நெல்லு எங்கயும் ஓடிப்போயிராது" என்றார். ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி எல்லோர் மூக்குக்கு நேரேயும் நீட்டினார். எதையாவது விளக்கி முடித்ததும், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மறு தோளில் பட்டென்று அடித்துப் போட்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, "என்ன நாஞ் சொல்லுதது?" என்பார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற பழக்கம். அதனாலேயே என் கண்ணில் படுவதில்லை. இவர் கண்ணில் பட்டிருக்கிறது.

மத்தியானம் சொதிச் சாப்பாடு. மாப்பிள்ளை வந்தால் எங்கள் வீட்டில் அதுதான். தேங்காய்ப்பாலில் காய்கறி மிதக்க, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். குழுவில் ஒருவர், "இது குருமாவா சார்?" என்று கேட்டுவிட்டார். அப்பா பதறிப்போனார். "குருமாவா? தேங்கா மூணு பாலு எடுக்கணும். மொதப் பாலைக் கடைசியில ஊத்தணும், கொதிக்க விட்டா போச்சு. என்ன நாஞ் சொல்லுதது?"

"ஆமா, தெனம் இவுகதான் அடுப்படியில நிக்காக" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான்.

சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் நாடகம். முன்வரிசையில் விழாக்காரர்களோடு அப்பா, ஜரிகைக் கரை வேட்டியும் தோளில் புதுத் துண்டுமாக. அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் அவருக்குச் சற்றுப் பின்னால். சென்னையில் ஒரு வீட்டுக்காரரும் குடித்தனக்காரர்களும் அடித்துக்கொள்கிற கதை. அங்கே தண்ணீர் லாரி என்ற சொல்லுக்கே கைதட்டுவார்கள். ஆறு ஓடுகிற ஊரில் அது யாருக்குச் சிரிப்பு மூட்டும்? கூட்டம் மரியாதையாக, சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. இவருக்கு மண்டு வேலைக்காரன் வேஷம். மெட்ராஸ் பாஷை பேசிப் பார்த்தார், விழுந்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முகப்பவுடர் வியர்வையில் வழிந்தது.

வீட்டுக்காரருக்குக் காப்பி போடுவது எப்படி என்று வேலைக்காரன் சொல்கிற இடம் வந்தது. சொல்லி முடித்தவர் சற்றுத் தயங்கினார். பிறகு தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து மறு தோளில் பட்டென்று அடித்தார். கழுத்தைச் சாய்த்தார். "என்ன நாஞ் சொல்லுதது?"

மண்டபம் இடிந்து விழுந்ததுபோல ஒரு சிரிப்பு. "நம்ம உரக்கடை அண்ணாச்சில்லாவே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. அச்சு அசலாக இருந்தது. நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். திரும்பினால், அம்மா முந்தானையை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சிரிப்பை ருசி கண்ட நடிகர் அதை விடுவாரா? காப்பித்தூளை உள்ளங்கையில் கசக்கி வீட்டுக்காரர் மூக்குக்கு நீட்டினார். "பைய வாரும்வே" என்றார். ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்காரர் இவர் தலையில் குட்டி, "முட்டாள்" என்றார். அது முன்பே எழுதி வைத்த வசனம். குட்டு விழும்போதெல்லாம் ஜனங்கள் எட்டி எட்டி அப்பாவைப் பார்த்தார்கள். எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. சிரிப்பில் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு குலுங்குவது நின்றது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து, சின்னதாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்தை விட்டு எங்காவது ஓடிவிடலாம்போல இருந்தது.

முடிந்ததும் அப்பாதான் நடிகர்களுக்குச் சால்வை போட வேண்டும் என்று ஏற்பாடு. போட்டார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "அனைவரும் மிகவும் சிறப்பாக நடித்தார்கள். எனக்கு மிக்க மகிழ்ச்சி" என்றார். பரீட்சையில் பதில் ஒப்பிக்கிற பிள்ளைபோல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "அண்ணாச்சி, அதைச் சொல்லும்வே!" என்று கூட்டத்தில் ஒரு குரல். அப்பா மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் கூட்டாஞ்சோறு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அப்பாவே இலை இலையாகப் பரிமாறினார். நாடகம் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

அறைக்குள் வந்ததும் கேட்டேன். "அப்பாவை ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"வேணும்னேவா பண்ணேன்? மேடையில செத்துட்டிருந்தேன். கைக்கு எது வந்துச்சோ அதைப் பிடிச்சேன். அவரே சிரிச்சாரே." சால்வையை மடித்தபடியே, "நீயும் சிரிச்சே. மேலேர்ந்து பார்த்தேன்" என்றார்.

நான் விளக்கை அணைத்தேன்.

காலையில் இவர் தானாகவே கடைக்குப் போனார். கூடப் போன நான் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். "மாமா, நேத்து நான்..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை. உட்காருங்கள். காப்பி வாங்கி வரச் சொல்லட்டுமா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் இவர் காலில் விழுந்திருப்பார். அந்தப் புத்தகத் தமிழுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், குடிக்க வேண்டிய காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அந்த வேலைக்காரன் வேஷத்தை இவர் போடவில்லை. அதை அப்பாவிடம் சொல்லவும் இல்லை, எப்படிச் சொல்வது?

பேரன் பிறந்த பிறகு அப்பா சென்னைக்கு அடிக்கடி வந்தார். இவரோடு கிரிக்கெட் பார்ப்பார், மார்க்கெட்டுக்குப் போவார். மனஸ்தாபம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இவரிடம் பேசும்போது மட்டும் அந்தப் புத்தகத் தமிழ்தான். குழந்தையிடம், "ஏலே, இங்கன வாலே" என்று கொஞ்சிக்கொண்டிருப்பார். இவர் அறைக்குள் வந்தால் பேச்சு பாதியில் நிற்கும். அந்த நேரத்தில் நான் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.