அண்ணன் சொன்ன ‘கீழ’

சுனாமி வந்த மறு வருடம், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு பழைய உப்புக் குடோனில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் ரௌட்டர் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. கையளவு மரப் படகுகள் செய்வோம். குயிலாப்பாளையத்துக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள்.

மரத்தை வெட்டுகிற பிட் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று திரையில் பாதை போடுவது என் பொறுப்பு. முதலில் தடித்த பிட்டால் வேண்டாத மரத்தைக் கழித்துவிட்டு, பிறகு மெல்லிய பிட்டால் படகு மூக்கின் வளைவை எடுக்க வேண்டும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது பிட் மேலே எழும்ப வேண்டும். அந்த உயரத்தைக் கொடுக்க மறந்தால் முடிந்த படகையே உழுதுகொண்டு போய்விடும். ஸ்டார்ட்டை அழுத்தும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். மெஷினுக்கு ஏது கண்? மரம் இருக்கிறதா, கை இருக்கிறதா என்று அது பார்க்காது.

இத்தனை பயத்தோடும் என் அண்ணனை அங்கே கூட்டி வந்தது நான்தான். அலையில் அவன் படகு போயிற்று. கரையில் அவனோடு உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த அவன் சிநேகிதனும் போய்விட்டான். அண்ணன் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு தப்பினான். இப்போது நிவாரணத்தில் வந்த புதுப் படகு கரையில் நின்றது. அதில் அவன் ஏறிவிடக் கூடாது. அப்பா அம்மா இல்லாத எனக்கு அவனை விட்டால் யார்? மரக்கட்டையை மெஷினில் வைத்து அசையாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற வேலையை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன்.

வந்தான். பேசத்தான் மாட்டான். கடல் என்ற வார்த்தையை அவன் வாய் அடியோடு விட்டிருந்தது. எங்கள் பக்கம் கிழக்கைக் கீழ என்போம். கடலைச் சொல்ல வேண்டி வந்தாலும் அவனுக்கு அது ‘கீழ’தான்.

ஒரு நாள் காலை புதுக்கட்டை ஒன்றை முடுக்கினோம். கட்டையின் மூலை எங்கே, மேல்பரப்பு எங்கே என்று மெஷினுக்கு முதலில் காட்ட வேண்டும். பிட்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, காகிதம் பிடிபடும்வரை மெல்ல இறக்குவோம். பிட்டைச் சுழற்றும் மோட்டார் ஓடவில்லை. காகிதத்தை அண்ணன் இரண்டு விரலால் பிடித்திருந்தான். நான் திரையைப் பார்த்தபடி கீபோர்டில் இருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ தள்ளு பாப்பா.”

அழுத்தினேன். பிட் மடமடவென்று இறங்கிக் கட்டையில் குத்தி, டக்கென்று ஒடிந்தது. காகிதத்தில் ரத்தம். அலறிக்கொண்டு ஓடினேன். நகத்தின் ஓரம் மட்டும் போயிருந்தது. விரல் இருந்தது.

“நீதானேண்ணா கீழன்னு சொன்ன?”

“கீழன்னா கீழாண்ட! மூலைக்கு இன்னும் எட்டலியே, அந்தப் பக்கம் தள்ளுன்னேன்.” கிழக்கே கதவுப் பக்கம் கையைக் காட்டினான்.

“மெஷினுக்கு ஏதுண்ணா கீழாண்ட மேலாண்ட? இங்க கீழன்னா இறங்குறதுதான்!” பயத்தில் அவனிடமே கத்தினேன்.

அண்ணன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, கட்டையில் நின்ற ஒடிந்த பிட்டையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

“இதுக்கு கடலே தேவலாம் பாப்பா. அது வர்றதுக்கு முன்னாடி சத்தமாவது கேக்கும்.”

கடல் என்றான். அலைக்குப் பிறகு அவன் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கரையில் நின்ற புதுப் படகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. கரையில் புதுப் படகும் இல்லை. கட்டையை நானே முடுக்கினேன், காகிதத்தை நானே பிடித்து பிட்டை இறக்கினேன். குடோனின் கதவு கீழாண்டதான் திறக்கும். அதைச் சாத்திவிட்டு வந்து ஸ்டார்ட்டை அழுத்தினேன்.