ஆடாத கேமரா

அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் வீட்டுக்கு நாலு குடும்பங்களைக் கூப்பிட்டு, மொராக்கோ டூரில் தான் எடுத்த வீடியோ கேசட்டைப் போட்டுக் காட்டினார் என் கணவர்.

திருச்சி ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்தபோது, "இந்தியா எங்கேயும் ஓடிடாது. டூர் புக் பண்ணியாச்சு, கிளம்பு" என்று என்னை அந்த டூருக்கு இழுத்துப்போன மனுஷன் இவர்.

டிவியில் கடலுக்கு மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. "செம ஸ்டெடியா எடுத்திருக்கீங்க சார்!" என்றார் ஒரு நண்பர்.

அப்போது எங்கள் கைடின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. "ஏன் மேடம் அழறீங்க?"

அடுத்து என் குரல். "எங்கப்பா சாகக் கிடக்கார்."

"அப்ப நீங்க இங்க இருக்கக் கூடாதே மேடம்."

அலைச் சத்தத்தில், பக்கத்தில் நின்று படமெடுத்த என் கணவருக்கு இது கேட்டிருக்காது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். கேமராவுக்கே கேட்டிருக்கிறது. படம் ஒரு துளிகூட ஆடவில்லை.

"ஆஃப் பண்ணு" என்றார்.

"எதுக்கு? எல்லாரும் முழுசாப் பார்க்கட்டும்" என்றேன்.

அந்த கைடின் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. நான் அழுததைப் பார்த்து ஏன் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். பக்கத்தில் நின்றவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.