துக்க நோட்டீஸ் ராயப்பராஜ்

“பிறந்த வருசத்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க, மத்ததை நான் விசாரிச்சுக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே ராயப்பராஜ் பின்னால் வருகிறார். முன்னால் போகிற சிறுமலை வாழைக்காய் வியாபாரி அந்தோணிமுத்து, வாழைத்தாரை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி முகத்தை மறைத்துக்கொண்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். ஆளுக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அப்படிப்பட்டவரையே அரண்டு ஓட வைக்கிறது அந்தக் கேள்வி.

ஓடாமல் என்ன செய்வார்கள்? ராயப்பராஜ் இந்த வருசம் வயது கேட்டால் அடுத்த வருசம் நினைவுப் பூசைதான் என்று ஊரில் ஒரு பேச்சு. போதாததற்கு, பேசும்போது எதிரே நிற்பவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார் என்று பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். உண்மையில் அவருக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. ஒரு ஆளை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் தலையை மேலும் கீழும் ஆட்டித்தான் ஆக வேண்டும். இதை எத்தனை பேரிடம் விளக்குவது என்று அவரும் விட்டுவிட்டார்.

பிழைப்பு, புகையிலை மூட்டைகள் அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் எடை எழுதுவது. மாதா கோயில் சாவு மணி விட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலாளி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். அவருடைய அப்பா இறந்தபோதும் இந்த ஆள்தானே ஓடினார், வாயைத் திறக்க முடியுமா? சொந்தமாக ஒரு சைக்கிள் உண்டு. அதைத் தள்ளிக்கொண்டுதான் ஓடுவார். ஏறி மிதித்தால் சீக்கிரம் போகலாமே என்றால், “ஏறி எறங்கவே நேரம் போயிருதுப்பா” என்பார். அதுவும் ஒரு கணக்குத்தான், பத்தடிக்கு ஒருவர் அவரை நிறுத்தி “யாரு? எப்ப எடுக்குறாங்க?” என்று கேட்பதால்.

சாவு விழுந்த வீட்டில் அழத்தான் ஆள் இருக்கும். தச்சரிடம் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சொல்ல வேண்டும். கோயில் சாமியாரிடம் நேரம் கேட்க வேண்டும். வெளியூருக்குத் தந்தி போக வேண்டும். அழுது தொண்டை கட்டியவர்களுக்கு யாராவது ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டும். இத்தனையும் ராயப்பராஜ். யாரும் அவரை அழைப்பதில்லை, வந்தபின் யாரும் போகச் சொல்வதுமில்லை. உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினால் அதன் நுனியைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஆனால் அவருடைய பெருமை எல்லாம் நோட்டீஸில்தான். அரைத்தாள், சுற்றிலும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, உச்சியில் சிலுவை. பெயர், வயது, அடக்க நேரம், துயருறும் மக்கள். கோயில் வாசலிலும் மார்க்கெட்டிலும் ஒட்டியது போக, ஆத்தூர் பஸ்ஸிலும் சித்தையன்கோட்டை பஸ்ஸிலும் கண்டக்டரிடம் சொல்லிப் பக்கவாட்டில் ஒட்டிவிடுவார். பஸ் போய்ச் சேரும் ஊருக்கெல்லாம் சாவும் போய்ச் சேரும். எல்லா நோட்டீஸிலும் ஒரு வரி அவருடைய சொந்தச் சரக்கு. ‘நற்குணசீலர்’, ‘தர்மவான்’ என்று அச்சகத்தில் தயாராக இருக்கிற வார்த்தைகள் அவருக்குப் பிடிக்காது. ‘முன்கோபி, ஆனால் கோபம் மாலை மணிவரை நின்றதில்லை’ என்று ஒருவருக்கு எழுதினார். பால்காரம்மா மாயம்மாளின் சம்பந்தி ஒருத்திக்கு, ‘இவர் வீட்டு ரசத்தைக் குடித்தவர்கள் காய்ச்சலை மறந்தார்கள்’ என்று போட்டார். வீட்டார் அழுகைக்கு நடுவில் அந்த வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் அழுவார்கள்.

இந்த மனிதர் ஏன் உயிரோடு இருப்பவர்களைத் துரத்துகிறார் என்றால், அதற்கு அவர் செய்த ஒரு தப்புதான் காரணம். ஐம்பத்திரண்டாம் வருசம் ஒரு விதவையம்மாவுக்கு அவசரத்தில் நோட்டீஸ் எழுதினார். ஒப்பாரிச் சத்தத்தில் யாரோ சொன்ன நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடிவிட்டார். விட்டுப்போன ஐந்தாவது பிள்ளை ரோசலின். சிறுமலையில் கட்டிக்கொடுத்த பெண். பஸ் இல்லாமல் மலைப்பாதையில் நடந்தே இறங்கி, அடக்கம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்தாள். கோயில் வாசலில் நின்று நோட்டீஸில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடினாள். பிறகு பக்கத்தில் நின்ற ராயப்பராஜைப் பார்த்து, “அண்ணே, அம்மாகூட நானும் செத்துப் போயிட்டனா?” என்று கேட்டாள்.

ராயப்பராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கிருந்து ஓடிவந்துவிட்டார். அன்று வாங்கியதுதான் நீள நோட்டுப் புத்தகம். மாதா கோயில் பங்கில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். பிள்ளைகள் எத்தனை, யார் எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள், எல்லாவற்றையும் ஆள் நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது. ஊர் பயந்து ஓடியது, அவரும் விடாமல் ஓடினார்.

ஓடாதவர் ஒரே ஒருவர், சவேரிமுத்து வாத்தியார். அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பிறந்த தேதியிலிருந்து வரிசையாகச் சொல்லி, பிழையில்லாமல் எழுதியிருக்கிறாரா என்று வாங்கியும் பார்த்தார். பிள்ளைகள் என்ற இடம் வந்ததும் ராயப்பராஜ் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றார். வாத்தியாரின் மகள் சகாயசெல்வி ஏழு வருசத்துக்கு முன்னால் தோல் கிட்டங்கிக் கணக்கர் முனீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பேகம்பூருக்குப் போனவள். கூப்பிடு தூரம்தான். அன்றிலிருந்து அப்பா பேசவில்லை, அண்ணனும் தம்பியும் பேசவில்லை. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “பாக்கியநாதன், சகாயசெல்வி, இன்னாசி. நான் பேசலேங்கிறது வேற. பெத்தது மூணு.”

போன பங்குனியில் ஒரு விடிகாலை வாத்தியார் போய்விட்டார். நான்கு மணிக்கு அடக்கம். ராயப்பராஜ் எழுதிக் கொண்டுபோன நோட்டீஸை மூத்தவன் பாக்கியநாதன் நின்றபடியே படித்தான். அப்பாவைப் பற்றிய வரியில் அவன் கண் கலங்கியது. அடுத்த வரிக்கு வந்ததும் பேனாவை எடுத்து நடுப்பெயரை அடித்தான். ராயப்பராஜ் நோட்டைப் பிரித்துக் காட்டினார். வாத்தியார் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னார். பாக்கியநாதன் கத்தவில்லை.

“அப்பா சொல்லியிருப்பாரு. அவரு போயிட்டாரு. நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கப்போறவன் நானு. அந்தப் பேரு இருந்தா நோட்டீஸே வேண்டாம்ணே.”

அவனுக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோட்டீஸ் வீட்டாருடையது, இவர் எழுதிக்கொடுக்கிறவர். ராயப்பராஜுக்கு அது தெரியும். அச்சகத்துக்குப் போனார். இரண்டு பெயர்களோடு அச்சடித்து வாங்கினார். அன்றைக்குப் பசையே ஒட்டவில்லை அவருக்கு. கோயில் வாசலில் கோணலாக ஒட்டி, பிய்த்து, மறுபடியும் கோணலாக ஒட்டினார். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய சைக்கிள் எப்படியோ பேகம்பூருக்குத் திரும்பிவிட்டது.

முனீர் வாசலில் நின்றிருந்தார். வாருங்கள் என்று சொல்லவும் தெரியாமல், வேண்டாம் என்று சொல்லவும் தெரியாமல் விலகி வழிவிட்டார். சகாயசெல்விக்கு மணிச் சத்தம் கேட்டிருக்கிறது. அப்பா முடியாமல் கிடந்தது தெரிந்தவளுக்கு, யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைவாரிக் கிளம்பத் தயாராக நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரலாமா என்று அவள் கேட்கவில்லை. “நோட்டீஸ்ல என் பேரு இருக்காண்ணே?” என்றுதான் கேட்டாள்.

“நாலு மணிக்கு எடுக்குறாங்க, தாயி” என்று சொல்லிவிட்டு ராயப்பராஜ் சைக்கிளைத் திருப்பினார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் ஓடிவந்தது அது இரண்டாவது தடவை. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் வாத்தியாரிடம் படித்தவர்கள் கூட்டமாக நின்றார்கள். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு: பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் பெற்ற பிள்ளைகளை வயது வரிசைப்படி பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் முன்னால் வந்து ஒரு பிடி மண் போட வேண்டும். அவர்கள் போட்டு முடித்த பிறகுதான் குழி வெட்டியவர் மண்வெட்டியைத் தொடலாம். முன்பு ஒரு தடவை யார் முதலில் போடுவது என்று குழிக்குப் பக்கத்திலேயே கைகலப்பு ஆனதிலிருந்து, கூப்பிடுகிற பொறுப்பும் ராயப்பராஜுக்கு வந்து சேர்ந்தது.

“பாக்கியநாதன்” என்றார். மூத்தவன் வந்தான், மண் எடுத்தான், போட்டான். பெட்டியின் மேல் மண் விழுந்த சத்தத்தில் அவன் தோள் குலுங்கியது. ராயப்பராஜின் நாக்கு அடுத்த பெயருக்குப் போனது. இன்னாசி ஏற்கனவே ஒரு காலை முன்னால் வைத்திருந்தான். வெளியே, தோட்டத்துக் கதவுக்கு அப்பால், வெயிலில் இரண்டு பேர் நின்றார்கள். பூ விழுந்த கண்ணுக்கு அது யாரென்று தெரியவில்லை. மற்றக் கண்ணுக்குத் தெரிந்தது.

“சகாயசெல்வி” என்றார்.

பாக்கியநாதன் கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் அவரையே பார்த்தான். தன் காதுக்கே அந்தப் பெயர் அந்நியமாகக் கேட்டது ராயப்பராஜுக்கு, இனி இந்த ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. மறுபடியும், இந்தத் தடவை கதவுவரை கேட்கும்படி, “செல்வி, வா தாயி” என்றார்.

கதவு கிறீச்சிட்டது. முனீர் வெளியிலேயே நிற்க, அவள் உள்ளே வந்தாள், தனியாக, சிலுவைகளுக்கு நடுவே வழி பார்த்து. தூரம் அதிகம், அவளோ வேகமாக நடக்க முடியாமல் வந்தாள். குழி வெட்டியவரான சங்கிலி, மூத்தவன் பாக்கியநாதன் முகத்தைப் பார்த்தார். அவனிடமிருந்து ஒன்றும் வராததாலும், இன்னாசி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதாலும், சடங்கு இத்தோடு சரி என்று நினைத்து மண்வெட்டியைத் தூக்கினார். ராயப்பராஜ் ஒரே எட்டில் போய் அதன் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சங்கிலி இழுத்துப் பார்த்தார். ராயப்பராஜ் விடவில்லை.