தவிட்டு மூட்டையும் என் முழங்கையும்

போன மாதம் எனக்கு ஒரு கட்டி வந்தது. எங்கே என்று கேட்காதீர்கள்... உட்கார முடியாத இடத்தில்.

செஞ்சிக் கடைத்தெருவில், செட்டியார் மளிகைக் கடையின் ஓரத்தில் டைப்ரைட்டர் வைத்து மனு அடிப்பது என் பிழைப்பு. கட்டிக்காக அதை விட முடியுமா? கடலை மூட்டைகளை அடுக்கி, பலகை போட்டு, மெஷினை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி நின்றபடியே அடித்தேன். பார்ப்பதற்கு ரொம்ப கம்பீரம்!

அப்போது சவரிமுத்து வந்தார். தொண்டூர்ப் பக்கத்து விவசாயி. மகள் கல்யாணத்துக்கு மாதா கோயிலில் அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. சர்க்கரை பர்மிட்தான் பாக்கி. கையால் எழுதிய மனுவைத் தாலுகா ஆபீசர் திருப்பிவிட்டார் — டைப் அடித்து வர வேண்டுமாம். ஆபீசரோ சாயங்காலம் மலையனூர் அமாவாசைத் திருவிழா டூட்டிக்குக் கிளம்புகிறார். அவர் திரும்புவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும்.

அடித்தேன். பாதியிலேயே தோள்பட்டை எரிந்தது. விரல் நடுங்கி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. தாளைக் கசக்கினேன்.

"இன்னா ஆச்சு ஐயா?"

"கை அந்தரத்துல நிக்குது. ஊணிக்க எடமில்லை."

"ரெண்டு பக்கமும் தவிட்டு மூட்டை வையி" என்றார் செட்டியார்.

வைத்தோம். முழங்கை சுகமாகப் புதைந்தது. ஆனால், அடிக்க அடிக்கத் தாள் உருளை இடப்பக்கம் நகர வேண்டுமே... மூட்டையில் முட்டி நின்றுவிட்டது.

"மாடு மாதிரி மொரண்டு பண்ணுதே" என்றார் சவரிமுத்து.

"மாடா இருந்தா தவுட்ட தின்னுட்டு வழி வுடும்" என்றார் செட்டியார்.

சவரிமுத்து இடது மூட்டையை இறக்கினார். துண்டை உள்ளங்கையில் மடித்து வைத்து, என் முழங்கையைக் கீழிருந்து தாங்கினார்.

"நீங்க அடிங்க ஐயா. நான் புடிச்சிக்கிறேன்."

ஏர் பிடித்த கை, அசையவே இல்லை. எனக்குத்தான் கூச்சம். அதுவரை என் முழங்கையை என் மனைவி மட்டுமே பிடித்திருக்கிறாள் — வெளியே தள்ளுவதற்கு.

மனு சுத்தமாக வந்தது. கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன். பாவம், தாங்கித் தாங்கி அவர் கை மரத்துப்போயிருந்தது. பேனா ஆடியது. தாலுகா ஆபீஸ் பக்கம் ஆபீசர் வண்டி உறுமும் சத்தம்.

அவர் முழங்கையை நான் பிடித்தேன்.

"கெட்டியா புடிங்க ஐயா" என்றார்.

போட்டார். ஓடினார். பர்மிட்டோடு வந்தார்.

தனியாகவே எழுதிக் கிழிக்கிறோம் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு... கீழே யார் கை இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறோமா?

அந்தக் கையெழுத்தில் பாதி என்னுடையது. ஆபீசர் இதைப் படித்தாலும் கவலையில்லை — சர்க்கரை பாயாசமாகிவிட்டது.