கழுவாத கியர் பொக்ஸ்

சுண்டுவிரலை எண்ணெய்த் துளைக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றி எடுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார் வில்பிரட். முகம் கோணிக்கொண்டது.

"கருகல் வாட. சொட்டு எண்ணெய் இல்லாமலே ஓட்டியிருக்கான் புண்ணியவான். இத வாங்கி நான் என்ன, மீன் பொரிக்கவா?"

விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த கியர் பொக்ஸுக்குப் போனார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஹாஷிமின் யார்ட் அது. பிரேமிளா டீச்சரின் நாற்பது வயதுக் கொரோலாவுக்கு ஒரு கியர் பொக்ஸ் வேண்டும். புது வண்டி கனவிலும் வாங்க முடியாத நாட்டில் பழைய வண்டிக்குச் சாவே கிடையாது. குடல் மாற்றி, குண்டி மாற்றி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பாஸ், இத எடுங்க. கழுவி, பெயின்ட் அடிச்சி ஈக்குது" என்றார் ஹாஷிம். ஊரில் மெக்கானிக் என்றால் 'பாஸ்', முஸ்லிம் அண்ணன் என்றால் 'நானா'.

"பவுடர் போட்டுக் காட்ட நான் பொண்ணு பாக்கவா வந்தேன் நானா? கழுவுனவன் எதையோ மறைக்கிறான்."

வில்பிரட் கழுவின பொக்ஸை வாங்கியதே இல்லை. அழுக்காக இருப்பதைத்தான் தேடுவார். அன்றைக்கும் மூலையில் சேறு காய்ந்து கட்டி பிடித்துக் கிடந்த ஒன்றைக் காலால் புரட்டினார். லீவர் முறிந்திருந்தது. ஷாப்டைக் கையால் திருக, அசையவில்லை.

"அது வாணாம் பாஸ். நவம்பர் மழையில மண் சரிஞ்சி உள்ளுக்குப் பொதஞ்ச காரு. உள்ளுக்கு எப்பிடி ஈக்குமோ."

"மண்ணு பல்லக் கடிச்சா திங்கப்போகுது? தூக்கு நானா, த்ரீவீல்ல ஏத்து."

மஹய்யாவயில் வீட்டோடு ஒட்டின தகரக் கொட்டகைதான் அவருடைய கராஜ். பெயர்ப் பலகை கிடையாது. மைக் கட்டினாற்போல் அதிரும் இரும்புச் சத்தத்தைக் கேட்டே ஆட்கள் வழி கண்டுபிடித்து வருவார்கள். எந்தப் பொக்ஸைத் திறக்கும் முன்னும் எண்ணெய்க் கையாலேயே சிலுவை போட்டுக்கொள்வார். நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு விழும். சாயந்தரம் குளிக்கும்வரை அது அப்படியே இருக்கும். சீனியும் சவர்க்காரமும் சேர்த்துத் தேய்த்தால்தான் அவர் கை வெளுக்கும். சீனி விற்கிற விலையில், அவர் மனைவி அந்தோனியம்மா டப்பாவை ஒளித்து வைக்கிறாள்.

அவள் ஒளித்து வைத்தும் பலிக்காத இன்னொரு சாமான் நகத்துக்குப் பூசும் அவளுடைய கியூடெக்ஸ். நல்ல சிவப்பு. இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வில்பிரட் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்தது இறுகினது. வைக்காதது இன்னும் பாக்கி. சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அந்தச் சின்னத் தூரிகையால் அவர் பொட்டு வைப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

அதிகம் சிரித்தவன் தெல்தோட்டையில் ஆள் ஏற்றி ஹயர் ஓடும் கணபதி. அவனுக்கும் அதே ரகக் கொரோலாதான். "அண்ணே, கால் நகத்துக்கும் ஒரு கோட்டு போட்டு விடுங்களேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினவன் அவன். போன வருஷம் அவன் பொக்ஸை இறக்கிச் செய்தபோது மூன்றாவது கியருக்கு நல்ல ரிங் கிடைக்கவில்லை. பழைய ரிங்கையே அரத்தால் ராவிப் போட்டுக் கொடுத்தார். கியர் இரண்டு சத்தத்தோடு விழும். பாதியில் ஒரு 'டக்'. முழுதாக விழும்போது ஒரு 'டொக்'.

"மூணாவது உங்கள மாதிரியே இருக்குண்ணே. சொன்னாக் கேக்காது, ரெண்டு தடவ அதட்டணும்."

"புடிக்காட்டி வேற பாஸ்கிட்ட போடா!"

விளையாட்டாய் ஆரம்பித்து, கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பிரிந்தார்கள். பிறகு புது ரிங் ஒன்று கிடைத்தது. மைலோ டின்னில் போட்டு வைத்தார். கணபதி வரவில்லை. தீபாவளி, மழை, நத்தார், பொங்கல் எல்லாம் போயின. ஒருமுறை அவனுக்கு அடித்துப் பார்த்தார். இலக்கம் பாவனையில் இல்லை என்றது. "நம்பர மாத்திட்டான். திமிரு. கலஹாவுல எவனோ புது பாஸ் புடிச்சிருப்பான்" என்று அந்தோனியம்மாவிடம் பொரிந்து தள்ளினார். டின்னைத் தட்டில் பின்னுக்குத் தள்ளிவைத்தார். எறியவில்லை.

சேற்றுப் பொக்ஸைக் கொட்டகை வாசலில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தார். செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு போல்ட் தலை வெளியே வந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

பெயின்ட் என்றுதான் நினைத்தார். அடுத்ததைத் தேய்த்தார். அதிலும். அதற்கடுத்ததிலும். நிறம் செத்துப்போய், ஆனால் சிவப்பு.

பிரஷ் கையிலிருந்து விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. சிலுவை போட மறந்து, ஸ்பெனரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளேயும் சேறு. விரலால் வழித்து வழித்து மூன்றாவது கியரைத் தேடினார். ரிங் தட்டுப்பட்டது. அதன் ஓரத்தில் தன் அரம் விட்ட கோடுகள். தன் கையெழுத்தைக்கூட அவர் அவ்வளவு நிச்சயமாய் அடையாளம் சொல்லமாட்டார்.

"அந்தோனி..." என்றார். அவள் வீட்டுக்குள்ளிருந்து வந்து நின்றாள்.

பொக்ஸ் எந்தக் கியரில் நின்றுபோயிருக்கிறது? அதைப் பார்த்தார். லீவர் முறிந்து, சேறு இறுகிப் போனதை யாரும் அசைத்திருக்க முடியாது. ரிவர்ஸ்.

கணபதியின் வீடு ரோட்டுக்குக் கீழே, பள்ளத்தில். காரை மூக்குக் கீழே பார்க்க இறக்கி, ரிவர்ஸில் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டுத்தான் தூங்குவான். அப்படியென்றால் கார் சும்மா நின்றிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை. ஒரு மூச்சு விட்டார் வில்பிரட். அது பாதியில் நின்றது. ரோட்டுக்கு ஏற்றுவதும் அதே ரிவர்ஸில்தானே? மண் இறங்கும்போது பொண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு மேலே எடுத்திருந்தால்? அதற்கும் ரிவர்ஸ்தானே? பொக்ஸை முறைத்துப் பார்த்தார். அதற்குமேல் அது எதுவும் சொல்லவில்லை.

ஹாஷிமுக்கு அடித்தார்.

"நானா, அந்தச் சேத்துப் பொக்ஸ்... காரு யாரு குடுத்தது?"

"ஒரு பொம்புள, பாஸ். கஜலட்சுமின்னு பேரு. தனியாத்தான் வந்தது. ஏன், பொக்ஸ் சரியில்லையா?"

கஜலட்சுமி கணபதியின் மனைவி. புருஷன் உயிரோடு இருக்கும்போது அவன் காரைப் பொண்டாட்டியா விற்பாள்? வில்பிரட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹாஷிம் சொன்ன அவளுடைய இலக்கத்தை அந்தோனியம்மாதான் கரித்துண்டால் சுவரில் எழுதினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திமிரு என்றோமே. செத்தவனையா இத்தனை நாளும் ஏசினோம்?

"நீயே பேசு. பொம்பளக்கிப் பொம்பள. என்னால முடியாது."

அவள் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கரகரப்பு.

"ஹலோ, யாரு? யார்ட்டுலேர்ந்தா? அவ தண்ணிக்குப் போயிருக்கா. நான் கால் ஒடஞ்சி கட்டில்ல கெடக்குறேன், என்னால எந்திரிச்சிக் கூப்புட முடியாது. வண்டியத்தான் குடுத்தாச்சே, இன்னும் என்ன நானா வேணும்?"

கணபதியின் குரல்.

அந்தோனியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "பேசுங்க" என்று போனை நீட்டினாள். வில்பிரட் வாங்கினார். வாயைத் திறந்தார். தாடை ஆடியதே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. மஹய்யாவ முழுக்கக் கேட்க ஏசுகிற மனிதர்.

"ஹலோ? யாருங்க? வாயில என்ன கொழுக்கட்டயா?"

வில்பிரட் போனைப் பொக்ஸின் ஓரத்தில் வைத்தார். டின்னில் மிஞ்சியிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் உள்ளே கவிழ்த்தார். கியர் மாற்றும் கம்பியை ரிவர்ஸிலிருந்து பிடுங்கி எடுத்து, மூன்றாவதுக்குக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினார்.

டக். டொக்.

அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை முனகியது.

"அண்ணே?" என்றது போன். "வில்பிரட் அண்ணே?"

அவர் அதை நியூட்ரலுக்கு இழுத்து, மறுபடியும் தள்ளினார்.